மொட்டைமாடிப் பரல்

நாகேஸ்வரி அந்தப் பரலை ஓட்டோவில் ஏற்றியபோது அவளுக்கு இருக்க இடமில்லாமல் போய்விட்டது. ஓட்டை போட்ட அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டிப்பிடித்து, ஒரு காலை வெளியே நீட்டியபடி, பாமன்கடையிலிருந்து வெள்ளவத்தை வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. சுன்னாகத்தில் பிறந்தவள். தபால் கந்தோர் வேலை அவளை இளமையில் கண்டிக்கு அனுப்பிச் சிங்களம் பழக்கியது. பிறகு சண்டை கொழும்புக்குத் துரத்தியது. பதினொரு வருடமாக ஒரே தொடர்மாடியில் இருந்தும் பக்கத்துக் கதவுக்காரரின் பெயர் தெரியாது. அது கணவர் நவரத்தினம் வகுத்த சட்டம். இந்தக் காலத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் இருப்பதே கெட்டித்தனம் என்பார் அவர்.

அன்று காலை மாநகர சபைக் கூட்டமொன்றில் ஓர் அதிகாரி பேசினார். குப்பைமேட்டில் மூடுண்டு அழுகும் சமையல் கழிவிலிருந்து எழும் வாயு உலகத்தையே சூடாக்குகிறதாம். காற்றுப்பட மக்கவைத்தால் அது எழாதாம். உலகத்தின் காய்ச்சலில் தன்னுடைய வெண்டிக்காய்க் காம்புக்கும் பங்கு இருக்கிறது என்று கேட்டதும் நாகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தில் அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. கழிவை மக்கவைக்கவென்று கூட்டம் முடிந்த கையோடு வாங்கியதுதான் அந்தப் பரல்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் நவரத்தினம். "ஊரெல்லாம் ஆமி செக்கிங். நீ மேல பரலைக் கொண்டுபோய் வைக்கிறாய்."

"குப்பைதானேயப்பா. குப்பைக்கு அடையாள அட்டை கேக்கமாட்டாங்கள்."

சமையல் கழிவு கேட்டு, வாளியோடு பதினாறு வீட்டுக் கதவுகளையும் தட்டினாள். மூன்றாம் மாடி பைறோஸா முதலில் சங்கிலி போட்ட கதவின் இடுக்கால் பார்த்தாள். ஒரு கிழமையில் அன்னாசித் தோலோடு வாசலில் காத்திருந்தாள். யார் வீட்டில் வாழைப்பூ, யாருக்குக் காய்ச்சல் கஞ்சி என்பதெல்லாம் நாகேஸ்வரிக்கு அத்துப்படியாயிற்று. மூன்றாம் கிழமை பரலுக்குள் இரும்புக் கம்பியை விட்டு எடுத்தாள். கம்பி சுட்டது. கீழே ஓடிப்போய்க் கணவரைக் கையில் பிடித்து இழுத்துவந்தாள். "தொட்டுப் பாருங்கோ, உயிரோட இருக்கு."

ஒரு சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. அவள் மூடியைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. தெருவில் நின்ற யாரோ அதைக் கண்டு சொல்லியிருக்க வேண்டும். கால்மணி நேரத்தில் ஆறு ஆமிக்காரர் படியேறி வந்தார்கள். பின்னால் இரண்டு அடையாள அட்டைகளையும் உயர்த்திப் பிடித்தபடி நவரத்தினம்.

"மேக்க மொகத?" இது என்ன என்று கேட்டான் மூத்தவன்.

இளையவன் பரலில் செருகியிருந்த கம்பியைத் தொட்டுவிட்டு, சுட்ட கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தான். துவக்குகள் நிமிர்ந்தன. ஆனாலும் நாகேஸ்வரிக்குப் பேச வாய்ப்புக் கிடைத்த உற்சாகம் பயத்தை முந்திவிட்டது. ஓரமாகக் கையை முழங்கைவரை பரலுக்குள் விட்டு ஒரு பிடி கறுத்த மண்ணை எடுத்து நீட்டினாள். கண்டிச் சிங்களத்தில் வாயு, காற்று, உலகம், வெண்டிக்காய் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

மூத்தவன் மண்ணை வாங்கிப் பிழிந்தான். முகர்ந்தான். குருநாகல் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை அவன். "நல்லாத்தான் இருக்கு, நோனா," என்றான் சிங்களத்தில். "ஆனா ஈரம் கூட. காய்ஞ்ச இலை போடவேணும்."

"நான் இதைத்தான் ஒரு கிழமையா சொல்லுறன்," என்று தமிழில் கத்தினார் நவரத்தினம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகேஸ்வரி அதைச் சிங்களத்தில் சொன்னாள். இளையவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாருக்கும் தொற்றியது. படியில் நின்ற பைறோஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள். அட்டைகளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆமிக்காரர் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் நவரத்தினம் சாக்கோடு தெருவில் இறங்கி வேப்பமரத்தடிச் சருகு பொறுக்கினார். வருட முடிவில் மொட்டைமாடியில் நான்கு பரல்கள் நின்றன. அவற்றின் மண்ணில் புடலங்கொடி தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி ஏறியது. மாநகர சபை நாகேஸ்வரியைக் கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கு விளக்கம் சொல்ல அழைத்தது. பத்து நிமிடம் தந்தார்கள். அவள் ஒரு மணித்தியாலம் பேசினாள். முடிந்ததும், பெண்களுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்த செபஸ்தியன் என்ற மீன் வியாபாரி எழுந்து, மீன் தலையும் போடலாமா என்று கேட்டார். அதற்கு இன்னும் அரை மணித்தியாலம் எடுத்தது.