பத்தொன்பது சிவப்பு வட்டங்கள்

எங்கள் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை நாங்கள் 'லெஃப்ட் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். அதில் அரசியல் எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுதான லிஃப்ட்டின் கதவில் 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார். இரண்டாவது எழுத்து 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' போட்டுவிட்டார். 'இ' என்ற சத்தத்துக்கு 'ஈ' என்ற எழுத்துதானே நியாயம் என்பது அவர் கட்சி. லிஃப்ட் 'லெஃப்ட்' ஆகி, 'இடது பக்கம் வேலை செய்யவில்லை' என்று அந்தக் கட்டடமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓடும் லிஃப்ட்டுக்குள் கண்ணை மூடி நின்று, எந்த மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் நாற்பத்தாறாவது வயதில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மோட்டார் அறை இருப்பது மொட்டைமாடிக்கும் மேலே. பழுதான லிஃப்ட்டில் மெக்கானிக் மட்டும் எப்படிப் போக முடியும்? ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டடம், கையில் பன்னிரண்டு கிலோ பை. "படியைக் குறைக்கலன்னா முட்டியை மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

ஒரே வழி, பாதுகாப்பு ஆய்வாளர் லைசென்ஸ். ஆய்வாளருக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டடம் போதும். செய்முறைத் தேர்வில் அண்ணன்தான் முதல். எழுத்துத் தேர்வில்தான் சறுக்கினார். ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் ஒரு கடிதமும் எழுத வேண்டும். அறுபது மதிப்பெண் வந்தால் தேர்ச்சி. முதல் தடவை ஐம்பத்து மூன்று வந்தது, அடுத்த தடவை ஐம்பத்தைந்து. முதல் தோல்வியை வீட்டில் சொன்னார். இரண்டாவதைச் சொல்ல வாய் வரவில்லை. மனைவி கேட்டபோதெல்லாம், "ரிசல்ட் இன்னும் வரல" என்று சமாளித்தார்.

தேர்வு அலுவலகத்தில் மனு கொடுத்தால் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். ஒரு பெண் அதிகாரி தாளை மேஜையில் வைத்து, "பதினஞ்சு நிமிஷம் சார். போட்டோ எடுக்கக் கூடாது" என்றார்.

தாளைத் திருப்பினார். எங்கு பார்த்தாலும் சிவப்பு வட்டங்கள். எண்ணினார், பத்தொன்பது. கோளாறு வந்தால் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தில் இன்னொரு முறை எண்ணியபோதுதான் தெரிந்தது: வட்டம் பத்தொன்பது, வார்த்தை ஏழுதான்! அதே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். 'ஸ்டாப்ட்' என்பதில் இரண்டு 'பி' வர வேண்டும். இவர் போட்டது ஒன்று. 'நிகழ்ந்தது' என்று சொல்லும் 'ஆக்கர்ட்' என்பதில் 'சி'யும் இரண்டு, 'ஆர்'உம் இரண்டு, அங்கேயும் கஞ்சத்தனம். எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது 'மெயின்டனன்ஸ்'. 'மெயின்டெயின்' தெரிந்ததால் வந்த வினை. நடு எழுத்துகள் மாற வேண்டியதைக் கவனிக்காமல், அந்த வார்த்தையை அப்படியே எழுதி வாலை மட்டும் ஒட்டியிருந்தார். சட்டைப் பையிலேயே அந்த வார்த்தை தைத்திருக்கிறது, இருபத்திரண்டு வருடமாக.

"ஆளு கெட்டிக்காரர்தான் சார் நீங்க. விஷயத்துல ஒரு தப்பும் இல்லை. எழுத்துலதான் விட்டுட்டீங்க" என்றார் அதிகாரி, தாளை எடுத்துக்கொண்டே.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லிவிட்டார். "போன தடவையும் ஃபெயில்தான். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

மனைவி சீருடை தைக்கும் தொழிற்சாலையில் செக்கர். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும். உங்க பையைத் துவைக்கப் போட்டப்ப லெட்டர் இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். மூணு மாசம் ஆச்சு." மடித்த துணியை அவர் அடுக்கி வைத்தார். பிறகு, "எழுதி முடிச்சதும் திரும்பப் படிச்சுப் பார்க்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"படிச்சேன். எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது."

"நேராப் பார்த்தா அப்படித்தான் தெரியும். சட்டையை நாங்க நேரா வச்சா பார்க்குறோம்? உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் பார்ப்போம். அப்பதான் விட்ட தையல் கண்ணுல படும்."

எழுத்தை எப்படித் திருப்புவது என்று அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். வீட்டிலேயே ஓர் அறிக்கை எழுதி, கடைசி வார்த்தையில் ஆரம்பித்து முதல் வார்த்தை வரை பின்னோக்கிப் படித்துப் பார்த்தார். அர்த்தம் ஓடவில்லை, அதனால் கண்ணும் ஓடவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தனியாக நின்றது. முதல் நாளே நான்கு தப்பு பிடிபட்டது. "அடியே, மாட்டிக்கிச்சு!" என்று சமையலறைக்குக் கேட்கக் கத்தினாராம்.

தப்பு விட்ட ஏழு வார்த்தைகளையும் சரியான எழுத்தோடு அட்டையில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். மனைவிக்கு ஆங்கிலம் வராது. ஆனால் சட்டை அளவுச் சீட்டு பார்த்துப் பார்த்து எழுத்துகள் அத்தனையும் தெரியும். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் அட்டையில் விரலை நகர்த்துவார். தப்பினால் விரல் நின்றுவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது தேர்வில், மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோன சம்பவத்தை அறிக்கையாக எழுதச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை அவர் நிஜமாகவே மீட்டிருக்கிறார். பேனா தானாக ஓடியது. மூச்சுத்திணறலுக்கு ஒரு பெரிய வார்த்தை நாக்கில் இருந்தது, எழுத்து நிச்சயமில்லை. அதை விட்டுவிட்டு, 'உள்ளே காற்று போதவில்லை' என்று தெரிந்த வார்த்தைகளில் எழுதினார். எழுதும் வேகத்தில் மணியை மறந்துவிட்டார். நிமிர்ந்தபோது எட்டு நிமிடம்தான் பாக்கி. கடிதத்துக்கு இன்னும் ஒரு பத்தி வேண்டும். மனசே இல்லாமல் இரண்டு வரியில் கடிதத்தை முடித்து, கடைசி வார்த்தையில் விரலை வைத்தார். பாதி வழியில், ஒற்றை 'பி'யோடு ஒரு 'ஸ்டாப்ட்' நின்றது. இன்னொன்றைச் செருகினார். மணி அடித்தபோது முதல் பக்கத்தில் ஆறு வரி பார்க்காமல் கிடந்தன.

அறுபத்திரண்டு வந்தது. அந்த ஆறு வரியில் என்ன இருந்ததோ, அவர் போய்ப் பார்க்கவில்லை.

ஆய்வாளராக அவர் போன முதல் கட்டடத்தில் இரும்புக் கயிறு நைந்திருந்தது. லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதிக் கொடுத்தார். கயிறு மாற்றி முடியும் வரை ஒன்பது மாடிக்காரர்களும் அவரைத் திட்டினார்கள். ஐந்தாம் நாள் சரிபார்க்கப் போனவர் லிஃப்ட்டுக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டார். மேலே போய்க் கீழே வந்து, "சத்தமே இல்லை, ஓட்டுங்க" என்றார்.