பேய்ப் படத்துக்கும் பிரிட்டிஷ் படத்துக்கும் நடுவே

ஒருவர் இரண்டு மணி நேரம் எடுத்துச் சொன்ன கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் தொழிலில், திட்டு வாங்காமல் ஒரு வாரம்கூட ஓடாது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் யூடியூப் சேனல் இயங்குகிறது. வெளிநாட்டுப் படங்களின் கதையையும், அவ்வப்போது நாவல்களின் கதையையும் தமிழில் சொல்வோம். எழுதுவது நான். குரல் கொடுப்பது சாதிக் பாய். படக்காட்சியை அப்படியே போட்டால் உரிமைப் பிரச்சினை வரும் என்பதால் வினோதினி படம் வரைந்து தருவாள். முதலாளி குமரேசன் அண்ணன் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும் பார்ப்பார். கடைசியில் ‘என் கருத்து’ என்று ஒரு பகுதி உண்டு. அதில் எனக்குத் தோன்றியதைத் தோன்றியபடி எழுதுவேன். எழுதிவிட்டு அன்று முழுக்கப் பயந்துகொண்டிருப்பேன். பார்த்த படத்தை வீட்டில் ஆர்வமாகச் சொல்லத் தொடங்கி, கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்து போன அனுபவம் உள்ளவர்களுக்கு என் நிலைமை புரியும். படம், புத்தகத்தின் பெயர்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெயர் சொல்லாமல் கதை சொல்வது எங்கள் தொழில் வழக்கம்.

ஹீரோ யாரு?

எந்த நாட்டுப் படமானாலும் நாயகனை ‘நம்ம ஹீரோ’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். வாராவாரம் வெளியாகும் வெள்ளிக்கிழமை பகுதிக்கு நான் முதலில் எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் படத்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை. அம்மா இறந்துபோன வீட்டை இரண்டு சகோதரிகள் காலி செய்கிறார்கள். வீட்டை விற்பதில் சண்டை இல்லை, நகையில் சண்டை இல்லை. ஒரு பழைய ஜன்னல் திரைக்காகச் சண்டை. யாரும் கத்தவில்லை. “உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்” என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதுதான் சண்டை. கிளம்பும்போது அக்கா அந்தத் திரையை மடித்து, தங்கைக்குத் தெரியாமல் அவள் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அழவைக்கும் இசை எதுவும் இல்லை. நான் அழுதேன்.

எழுதிய தாளை சாதிக் பாயிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். “ஏம்மா, ரெண்டு பொம்பளைங்க வூட்ட ஒதுங்க வைக்கிறாங்க, அவ்ளோதான? இதுல நம்ம ஹீரோ யாரு, அந்த ஸ்க்ரீன் துணியா?”

கெடு

அந்த வீடியோவைப் பாதிவரை பார்த்தவர்களே குறைவு. குமரேசன் அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினார். எந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து போனார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. மலையிலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “படம் நல்லாத்தான் இருக்கு. எனக்கே எங்க அக்கா ஞாபகம் வந்துருச்சு” என்றார். அதற்குப் பிறகு வருவதுதான் பயங்கரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோடு இப்படி விழுந்தால் அண்ணன் கேட்பது பேய்ப் படம்தான். அதை என்னால் பார்க்க முடியாது. கண்ணை மூடிக்கொள்வேன்; கண்ணை மூடிக்கொண்டு கதை எழுத முடியாது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்குச் சம்பந்தமாகக் கிடைத்த முதல் வேலை இது. எங்கள் ஊர் கீழப்பழுவூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து போகக்கூடிய தூரத்தில் இன்னொன்று கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “இன்னும் ஒரே ஒரு இங்கிலாந்து படம் பண்ணு. ஆளு நின்னா வெள்ளிக்கெழம உனக்கு. நிக்கலன்னா பேய்க்கு மாறு. பேயும் முடியாதுன்னா, வேற எடம் பாத்துக்கம்மா.”

பஸ்ஸில் ஒரு விமர்சனம்

இதற்கிடையில் நாவல் வேலையும் நடந்தது. நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருக்கும் ஒரு பெண், தன் சொந்தத் தங்கையின் விவாகரத்து வழக்கில் சாட்சிகள் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து டைப் அடிக்கும் நாவல். அவள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று எழுத்தாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. தங்கையின் கணவன் சொல்லும் பொய்யை எழுத்துப்பிழை இல்லாமல் அடிக்கிறாள். தங்கை சொல்லும் ஒரு உண்மையில் கை தடுமாறுகிறது. எப்படித்தான் இப்படி எழுதுகிறார்களோ என்று புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். முடிவைச் சொல்ல மனம் வரவில்லை. “புத்தகத்தை வாங்கிப் படியுங்கள்” என்று எழுதி முடித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அரியலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், சிமெண்ட் ஆலைச் சீருடையில் இருந்த ஒருவர் அந்த வீடியோவையே சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். முடிவு வராமலே வீடியோ முடிந்ததும் போனை உதறி உதறிப் பார்த்தார். எழுதியது நான் என்று சொல்லத் தைரியம் வராமல், “அந்தப் புத்தகம் லைப்ரரியில இருக்குங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். “லைப்ரரிக்குப் போறதுன்னா நான் ஏன் தங்கச்சி இத கேக்குறேன்? முடிவ முழுங்குனான் பாரு அந்தாளு, அவன் மட்டும் கையில கெடச்சான்...”

ஒரே ஒரு குறை

மலைப்பாதையில் ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் பெண்ணைப் பற்றி இன்னொரு நாவல். முதல் பாதியைப் படிக்கும்போது வளைவுகளில் எனக்கே தலை சுற்றியது. அவ்வளவு உயிரான எழுத்து. ஆனால் கடைசி அத்தியாயத்தில் டிரைவர், கண்டக்டர், பயணி என்று எல்லோரும் மேடைப் பேச்சு பேசுகிறார்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்று நான்கு விதமாக எழுதி அழித்தேன். பாராட்டை நிறைய எழுதி, குறையை ஒரே வரியாக வைத்தேன். மறுநாள் ஆபீசுக்கு ஒரு போன். எழுத்தாளரின் மனைவி பேசுகிறேன் என்றார். “கடைசி அத்தியாயத்த பத்தி சொன்னது யாருங்க? நானும் அதத்தான் சொன்னேன், என் பேச்ச கேக்கல. இப்ப நல்லா கேக்கட்டும்!”

ரயில்வே கேட்

கெடு வைத்த படத்துக்கு வருகிறேன். மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு சின்ன ஆங்கில ஊர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம், பல வருடமாக அவரோடு பேசாத மகள் கற்றுக்கொள்ள வருகிறாள். வேறு பயிற்சியாளர் அந்த ஊரில் இல்லை. படம் முழுக்கக் காருக்குள்தான். ‘கிளட்ச்’, ‘கண்ணாடியைப் பார்’, ‘மெதுவாக’ என்பதைத் தவிர அப்பா வேறு எதுவும் சொல்வதில்லை. அதையெல்லாம் திருத்துகிற குரலிலேயே சொல்கிறார். ஒருநாள் ரயில்வே கேட்டில் நிற்கிறார்கள். ரயில் வருகிறது, போகிறது. கேட் திறக்கிறது. அவள் வண்டியை எடுக்கும்போது அது நின்றுவிடுகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அப்பா முதல்முறையாக அவளைத் திருத்தாமல் பேசாமல் இருக்கிறார். அவ்வளவுதான். நான் பார்த்த படங்களில் இவ்வளவு பெரிய சமாதானம் இவ்வளவு சின்ன இடத்தில் நடந்ததில்லை.

இந்த இடத்தில் வர்ணனை வரக் கூடாது. வினோதினி வரைந்த கேட் மட்டும் திரையில் இருக்க வேண்டும். அதனால் தாளில், “இங்கே கொஞ்ச நேரம் பேச வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தேன். சாதிக் பாய் இருபது வருடம் ஆட்டோவில் மைக் பிடித்து விளம்பரம் சொன்னவர். தாளில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிப்பது அந்தத் தொழில் தந்த பழக்கம். அதையும் படித்துவிட்டார். கணீரென்று, உருக்கமாக. பிறகு, சொன்னது போலவே பேசாமல் இருந்தார். வீடியோ வெளியான பிறகுதான் நான் கேட்டேன். வீடியோவை நிறுத்தச் சொல்ல அழைத்தால், குமரேசன் அண்ணன் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. நான் கிட்டத்தட்ட அழுதுகொண்டே போய் நின்றபோது சாதிக் பாய் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். “எழுதியிருந்துச்சு, படிச்சேன். இத படிக்காதன்னு நீ எழுதலையேம்மா?”

திருமானூர் போன்

மறுநாள் அண்ணன் வந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றேன். அப்போது ஆபீஸ் போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். திருமானூரிலிருந்து ஒரு அம்மா. “எனக்கும் என் மகளுக்கும் ரெண்டு மாசமா பேச்சுவார்த்தை இல்லீங்க, காலேஜ் மாத்துற விஷயத்துல சண்டை” என்று ஆரம்பித்தார். கடலை உடைத்துக்கொண்டே, நடுவில் போனைச் சாய்த்துவைத்து, இரண்டு பேரும் எங்கள் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். “அந்தக் கேட்டுகிட்ட உங்க ஆளு, ‘இங்கே கொஞ்ச நேரம் பேச வேண்டாம்’னாரு பாருங்க. நாங்கதான் ஏற்கெனவே பேசலையே, நமக்கு எதுக்கு சொல்றாருன்னு இவ சிரிச்சுட்டா. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் என்னத்த பேசாம இருக்குறது?”

போனை வைத்துவிட்டு அண்ணன் அந்தக் கோட்டைத் திறந்தார். நான் பார்க்கவில்லை, பேய்ப் படத்துக்கு மூடுவது போல கண்ணை மூடிக்கொண்டேன். வினோதினிதான் என் கையைக் கிள்ளினாள். கேட் வரும் இடத்தில் கோடு விழவே இல்லை. முடிவுவரை நேராகப் போயிருந்தது. எல்லோரும் நின்றிருக்கிறார்கள். அண்ணன் நாற்காலியைச் சுழற்றி என்னைப் பார்த்தார். “பைய கழட்டி வையி. வெள்ளிக்கெழம உனக்குத்தான். ஆனா ஒண்ணு, அடுத்த படத்துலயும் நல்ல எடமா பாத்து பாய வாய மூடச் சொல்லு.”

பக்கம் பக்கமாக எழுதிச் சம்பளம் வாங்குகிற என்னை வேலையில் நிறுத்தி வைத்திருப்பது, யாரும் பேசாத அந்தக் கொஞ்ச நேரம்தான்.