உதவிப் பணமும் ஐந்து குழியும்

உரும்பிராய்ப் பராசக்திக்குப் பெருமை பேச மூன்று விஷயங்கள் இருந்தன: அஞ்சாம் வகுப்புப் படிப்பு, அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் தம்பி பரமலிங்கம், ஆறு பரப்புச் சீதனக் காணி. முதல் இரண்டையும் பற்றி ஊருக்கெல்லாம் சொல்வாள். காணியைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள்.

அதற்குக் காரணம் வடக்கு வேலி. அதை அடைப்பது அவளுடைய பங்கு. வருடாவருடம் வேலி அடைக்கும்போது, வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்களைப் பிடுங்கிப் பக்கத்துக் காணிக்குள் ஒரு சாண் தள்ளி நடுவாள். ஒரு சாணுக்கு மேல் ஒரு விரற்கடைகூடத் தள்ளமாட்டாள். களவென்றாலும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்பது அவள் கொள்கை. இப்படி எட்டு வருடம் போயிற்று.

யுத்தத்தால் அரிசி வராமற்போன வருடம், புகையிலையை விட்டு மரவள்ளி நடுகிறவர்களுக்குப் பரப்புக் கணக்கில் உதவிப் பணம் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. பதினெட்டுக் குழி கொண்டது ஒரு பரப்பு. பராசக்தியின் கிணறு பாறையில் முட்டி வற்றிக் கிடந்தது. வெடி வைக்கப் பணம் கிடைக்காவிட்டால் அடுத்த போகம் இல்லை. விண்ணப்பத்தை எழுதித் தருவதாகத் தம்பி சொன்னான்.

"ஆறு பரப்பெண்டு எழுத எனக்குத் தெரியாதோ?" என்றாள். காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.

அளக்க வந்ததும் தம்பிதான். "என்ரை தம்பி பிடிச்சால் அளவு பிசகாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தானும் விண்ணப்பம் போட்டிருந்த வடக்குப் பக்கத்துக் காணி நமசிவாயமும் கூட வந்தார்.

பரமலிங்கம் அளவுச் சங்கிலியை இழுத்தான். பிறகும் இழுத்தான்.

"அக்கா, ஆறு பரப்பும் அஞ்சு குழியும் வருது."

"சங்கிலி தொய்ஞ்சு போச்சு. திரும்பப் பிடி."

மூன்றாம் தரமும் அதே அளவுதான். நமசிவாயத்தின் காணியையும் அளந்தபோது, அதில் சரியாக ஐந்து குழி குறைந்தது.

நமசிவாயம் வேலியைப் பார்த்தார். "அக்கா நல்லாய்ப் பசளை போடுறவ. காணியும் வளந்திட்டுது."

"உதைப் பார்த்துக்கொண்டோ இருந்தனீர்?"

"ஓம், எட்டு வருசமாய். நீங்கள் அடைக்கிற வேலி நூல் பிடிச்ச மாதிரி நிக்கும். குழப்ப மனம் வரேல்லை."

பரமலிங்கம் கொப்பியை மூடினான். "எழுதினதும் அளவும் ஒத்துவராட்டி ரெண்டு விண்ணப்பமும் தள்ளுபடி. வெள்ளிக்கிழமை திரும்ப அளப்பன்."

"தம்பி, அஞ்சு குழிதானே. அக்காவுக்காக..."

"அக்கா எண்டபடியால்தான் மூண்டு தரம் அளந்தனான்."

அவனுக்குக் கோணாமல் கோடு கீறப் பழக்கியது தான்தான் என்பது அப்போது பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்?

வியாழன் காலை அலவாங்கும் கையுமாக வேலியடிக்குப் போனாள். கிளுவை நன்றாக வேர்விட்டிருந்தது. பின்னேரம் வரை கிண்டி, கயிறு பிடித்து, எட்டுச் சாணும் பின்னுக்குத் தள்ளி நட்டாள். வெள்ளிக்கிழமை அளந்தபோது ஆறு பரப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இருவருக்கும் பணம் வந்தது. பாறை உடைந்து தண்ணீரும் வந்தது. அவள் முன்பே நட்டிருந்த மரவள்ளியில் இரண்டு வரிசை நமசிவாயத்தின் பக்கம் போயிற்று. அதற்கான உதவிப் பணமும் அவருக்கே போயிற்று. கிழங்கு கிண்டியதும் ஒரு கடகம் அனுப்பிவைத்தார். நல்ல மாப்பிடிப்பான கிழங்கு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

இப்போதும் சந்தையில் சொல்வாள்: "கூடப்பிறந்த அக்காவின்ரை காணியிலேயே ஒரு குழி விட்டுக்குடுக்காதவன் என்ரை தம்பி!"

அந்தக் குழி எப்படிக் கூடியது என்று யாராவது கேட்டால், கிணற்றில் ஊறிய தண்ணீரின் ருசியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள்.