புஷ்பலதா கழுவிய கவுன்டாச்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையோரத்தில் உள்ள ஒரு கார் கொட்டகையில் புஷ்பலதா பதினொரு வருடமாக வேலை செய்கிறார். கொட்டகை என்று அவர்தான் சொல்வார். வாசல் பலகையில் 'ஹெரிடேஜ் கேலரி' என்று எழுதியிருக்கும். உள்ளே ஐந்து லம்போர்கினிகள் நிற்கின்றன. அவற்றுக்காக இரவும் பகலும் ஏர்கான் ஓடுகிறது. புஷ்பலதா உட்காரும் வாசலறையில் ஒரு மேசைக்காற்றாடி உண்டு.

கார்களின் முதலாளி டத்தோ ஷரபுதீன். டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். ஊருக்கு ஊர் கிளை திறந்தார். இரண்டு கிளைக்கு ஒரு கார் என்று வாங்கினார்.

புஷ்பலதா பிறந்தது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் வீடமைப்புக் கம்பெனிக்குக் கைமாறிய பிறகு கையுறைத் தொழிற்சாலையில் சில காலம் இருந்தார். அப்புறம் டவுனில் ஒரு கார் வாஷில் சேர்ந்தார். ஒருநாள் டத்தோ தன் லம்போர்கினிகளில் ஒன்றான மஞ்சள் கல்லார்டோவை அங்கே கொண்டுவந்தார். மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, புஷ்பலதா சக்கரத்துக்குள் கையை விட்டுப் பிரேக் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டத்தோ அன்றைக்கே வேலைக்குக் கூப்பிட்டார்.

வேலை சீக்கிரம் பிடிபட்டது. லம்போர்கினி கம்பெனியை ஆரம்பித்தவர் முதலில் டிராக்டர்தான் செய்தார் என்று கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு கார்கள் மேல் அவருக்கு இருந்த பயம் பாதி போய்விட்டது. எஸ்பாடா எழுபதுகளில் வந்த நான்கு சீட்டு வண்டி. டியாப்லோ தொண்ணூறுகளுக்கு உரியது. கல்லார்டோவும் ஹுராக்கானும் புதிய காலத்தவை. பெயர்களில் பல சண்டைக் காளைகளின் பெயர்கள் என்பதால், கணவர் சதாசிவம் காலையில் அவரை மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடும்போது, மாடு குளிப்பாட்டி முடிந்ததும் போன் செய் என்பார். கவுன்டாச் காளையின் பெயரில்லை. இத்தாலியில் ஒரு வட்டாரத்து மக்கள் மலைத்துப்போனால் சொல்லும் சொல்லாம் அது.

டத்தோவுக்கு உயிர் அந்தக் கவுன்டாச்தான். எண்பத்தைந்தாம் வருடத்துச் சிவப்பு வண்டி. இடுப்புயரம்கூட இருக்காது, கதவு மேல்நோக்கித் திறக்கும். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம், படத்தை மட்டும் பார்த்து வாங்கியது.

நான்காம் வருடம் புஷ்பலதாவுக்கு அந்தக் காரின் மேல் சந்தேகம் வந்தது. கவுன்டாச்சின் உடம்பு அலுமினியத் தகடு என்று படித்திருந்தார். துடைக்கும்போது விரல் பட்டால் இந்தக் கார் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி போலச் சத்தம் கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, டத்தோ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தார். ஒரு பிளாஸ்டிக் மூடியில் அழுக்கு நீங்கியதும் எழுத்துத் தெரிந்தது. 'புவாத்தான் மலேசியா'. மலேசியாவில் செய்தது.

புஷ்பலதா டார்ச்சை அணைத்துவிட்டு மற்ற சீட்டையும் துடைத்து முடித்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, வாசலில் நின்ற தங்கள் பழைய உள்ளூர்த் தயாரிப்புக் காரான சாகாவின் சீட்டுக்கடியில் பார்த்தார். அதே மூடி, அதே எழுத்து. சதாசிவத்துக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சொல்லாதே, வேலை போய்விடும் என்று மட்டும் சொன்னார்.

புஷ்பலதா மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். கோலாலம்பூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வரும் மெக்கானிக்குக்குத் தெரியாமலா இருக்கும் என்று யோசித்தார். தெரிந்திருக்கும், ஒவ்வொரு முறையும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வண்டி நல்லா இருக்கு டத்தோ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஏமாந்த மனிதரிடம் யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலையில் டத்தோவைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

கனத்த உடம்பை மடக்கி, தரையில் கன்னம் படக் குனிந்து டத்தோ பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"யார்ட்டயாச்சும் சொன்னியாம்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் டத்தோ."

"அவரு வெளிய சொல்வாரா?"

"சொல்ல மாட்டாரு."

"அப்ப இது ஒரிஜினல்தான்லா," என்றார் டத்தோ.

அடுத்த மாதம் புஷ்பலதாவுக்குப் பெயர் அட்டை வந்தது. 'ஹெரிடேஜ் மேனேஜர்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. அந்தச் சிவப்புக் காரை இனி அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் வந்தது. பதவி உயர்வு எதற்கென்று தெரிந்ததால், அட்டையை யாருக்கும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கட்டுப் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது.

போன வருடம் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார் பிரியர்கள் ஒரு குழுவாக வந்தார்கள். வயதான நடுவர் ஒருவரும் கூடவே வந்தார். பல நாட்டுக் கண்காட்சிகளில் பரிசு கொடுத்தவராம். அவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு காராகத் தடவிப் பார்த்தார். எஸ்பாடாவில் உட்கார்ந்ததும் புருவத்தைச் சுருக்கினார். இந்தத் தோல் புதிது போல இருக்கிறது, பின்னால் மாற்றியதாக இருக்கும் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அது இத்தாலியிலிருந்து வந்த அதே தோல். வருடக்கணக்காக வாரம் தவறாமல் புஷ்பலதா எண்ணெய் போட்டதால் வந்த வினை.

கவுன்டாச்சின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். அவர் விரல் கதவைத் தட்டிவிடக்கூடாதே என்று புஷ்பலதா பக்கத்திலேயே நின்றார். என்ஜின் மூடியைத் திறக்கலாமா என்று நடுவர் கேட்டார். சாவி வீட்டில் இருக்கிறது, முதலில் சாப்பிட்டுவிடலாம் என்றார் டத்தோ. மீன் தலைக் கறியும் கணவாயும் ஆட்டுக் குருமாவும் வரிசையாக வந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை. மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட பழைய கார் என்ற கோப்பை கவுன்டாச்சுக்குப் போனது. பராமரிப்பைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் பிழையில்லை. கைதட்டியவர்கள் புஷ்பலதாவின் பக்கம் திரும்பியும் தட்டினார்கள்.

வந்தவர்களில் ஒருவர் அந்தக் காரை விலைக்குக் கேட்டார். டத்தோ தலையாட்டி மறுத்தார். வந்தவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். டத்தோ அசையவில்லை. இப்படிக் காரை நேசிக்கும் ஒருவரைப் பார்த்ததில்லை என்று அந்த மனிதர் நெகிழ்ந்துபோய்ப் பேஸ்புக்கில் எழுதினார்.

எல்லோரும் போன பிறகு டத்தோ கோப்பையோடு வாசலறைக்கு வந்து, மேசைக்காற்றாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்கவா டத்தோ? அவ்ளோ விலை சொன்னாரே, ஏன் குடுக்கல?"

"நான் ஏமாந்தது என்னோட போவட்டும். தெரிஞ்சு இன்னொருத்தன் தலையில கட்ட முடியுமா?"

அன்றுதான் புஷ்பலதாவுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இத்தனை வருடத்தில் டத்தோ செய்த யோக்கியமான வியாபாரம் அதுதான், அதுவும் வியாபாரம் நடக்காமல் போனதால் என்று சதாசிவத்திடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் மறுநாள் அதிகாலையிலேயே போய், கோப்பைக்கு இடம் ஒதுக்கி வைத்தார்.

அந்தப் பேஸ்புக் பதிவுக்குப் பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் பீடோரிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்வது புஷ்பலதாதான். எஸ்பாடாவின் வருடம், டியாப்லோவின் வேகம், ஹுராக்கான் கிளம்பும்போது வரும் சத்தம் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். சிவப்புக் காருக்கு வந்ததும் வருடமும் சொல்வதில்லை, ஊரும் சொல்வதில்லை.

"இது டத்தோவுக்கு ரொம்பப் பிடிச்ச காரு. வரிசையா வந்து படம் எடுத்துக்குங்க," என்கிறார்.

மற்ற நான்கின் முன்னால் நிற்பவர்களைவிட அங்கே நிற்கும் வரிசைதான் எப்போதும் நீளம். புஷ்பலதா அவர்களின் கைப்பேசியை வாங்கி, கதவு மேலே தூக்கியிருப்பது முழுதாக விழும்படி, படம் எடுத்துக் கொடுக்கிறார்.