பதினெட்டு மீட்டர்

"பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால், எங்கள் கீழ்வீட்டுக்காரர் முதலில் கேட்டவரின் காலைப் பார்ப்பார். "முன்னாடி கால்லேருந்தா, பின்னாடி கால்லேருந்தா?" என்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். கேட்டவர் அதற்குள் விவரம் தெரிந்த வேறு ஆளைத் தேடிப் போயிருப்பார். இவர் அந்த இடத்திலேயே நின்று கணக்குப் போட்டு, "ஐநூத்தி அறுபது மீட்டர்" என்று காற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு வருவார்.

நெடுஞ்சாலைத் துறையில் அவருக்கு வேலை. சாலையோரப் பலகைகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் தூரம் போட்டிருக்கிறதே, அதை அளந்து சொல்கிறவர் அவர்தான். நீளக் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே நடப்பார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மீட்டர். கைப்பிடியில் இருக்கும் சின்னப் பெட்டியில் எண் ஏறும். அலுவலகத்தில் அவருக்கு 'ஒத்தைச்சக்கரம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஜீப்பில் பொருத்தி அளக்கிற கருவி வந்து பத்து வருடம் ஆகிறது. அதை அவர் நம்புவதில்லை. "டயர்ல காத்து கொறைஞ்சா ஊரே தள்ளிப் போயிடும் சார்" என்பார். ஆகவே அவர் நடக்க, பின்னால் ஜீப் முதல் கியரில் ஊர்ந்து வரும். வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று நல்ல மனசுக்காரர்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டதும் உண்டு.

நானே ஒருமுறை அவரிடம் சண்டைக்குப் போனேன். பக்கத்து நகரத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் என்று பலகை சொன்ன இடத்தில், நான் அந்த நகரத்தின் நெரிசலில் அரை மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்தேன். இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"ஊரோட ஓரம் வருஷா வருஷம் வீங்கும் சார். ஓரத்தை நம்பினா மாசம் ஒரு போர்டு மாத்தணும்" என்றார். ஊர் நடுவில் ஏதோ ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு அதுவரைக்கும்தான் அளப்பார்களாம். அந்த நகரத்துக்கு அது தலைமைத் தபால் நிலையத்தின் முதல் படி. படிதான், கட்டடம் அல்ல. உள்ளே போய் அளந்தால் என்ன என்றேன். "ஞாயித்துக்கிழமை பூட்டிடுவாங்களே சார். ஊரைப் பூட்ட முடியுமா?" என்றார். 

அவர் மனைவி தையல்காரர். அவரும் அளவெடுத்துப் பிழைப்பவர்தான், ஆனால் வேறு கட்சி. "ரெண்டு விரக்கடை உள்ள விட்டுத்தான் தைக்கணும். உடம்பு கூடினா பிரிச்சுக்கலாம்ல" என்பார். பிரித்துக்கொள்ள இடம் விடாத ஒரு மனிதரோடு இருபத்தாறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார்.

அவர்களுடைய ஒரே மகள் நர்ஸ். போன மாதம் அந்த நகரத்தின் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வீடு இருந்தால் விடுதியில் அறை உண்டு. சாலைப் பலகையில் உள்ள எண்தான் கணக்கு. எங்கள் தெருமுனைப் பலகையில் 51. அறை கிடைத்த மாதிரிதான் என்று அவள் அம்மா போர்வையும் தலையணை உறையும் தைத்து முடித்தார். அறை இல்லையென்றால் ஏழு மணி டியூட்டிக்குத் தினமும் ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டி, ஒரு பெரிய வளைவை நேராக்கினார்கள். தூரம் குறைந்தது. திரும்ப அளந்து பலகையை மாற்ற உத்தரவு வந்தது. யாருக்கு? வேறு யாருக்கு!

நாலு நாள் நடந்தார். தபால் நிலையப் படியில் தொடங்கி, எங்கள் தெருமுனைப் பலகைக் கம்பத்தில் சக்கரத்தை நிறுத்தினார். ஐம்பது கிலோமீட்டர், நானூற்று எண்பத்திரண்டு மீட்டர். அரைக் கிலோமீட்டர் நிறைந்தால் மேல் எண், நிறையாவிட்டால் கீழ் எண் என்பது விதி. நிறைய இன்னும் பதினெட்டு மீட்டர் வேண்டும்.

அன்று மாலை கீழ்வீட்டுப் பேச்சு மாடிவரை கேட்டது.

"பதினெட்டு மீட்டர்! நான் வெட்டிப் போடற துண்டுத்துணியே அதுக்கு மேல வரும். ஏங்க, அந்தச் சக்கரத்தை நம்ம வாசல்ல பதினெட்டு சுத்து சுத்தினா என்ன கொறைஞ்சா போயிடும்?"

"கொறையாது. கூடிப் போயிடும்."

"பிழைக்கத் தெரியாத மனுஷன்!"

கொஞ்ச நேரம் கழித்து மகள் அறையில் அலாரம் ஒன்று சும்மா அடித்துப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை மடக்கினார். குரலைத் தாழ்த்தி, "படியிலேருந்து உள்ள ஸ்டாம்ப் கவுன்ட்டர் வரைக்கும் பத்தொம்பது மீட்டர் சார்" என்றார். பிறகு, "ஏன் அளந்தேன்னு கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பெண்ணைவிடத் தகரப் பலகை பெரிதா? "யார் சார் வந்து சரிபார்க்கப் போறாங்க?" என்றேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றார். "போர்டைப் பாத்துட்டு நம்பிப் போயிட்டே இருப்பாங்க. அதான் கஷ்டம்." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கோபத்தைக் கைவிட்டிருப்பீர்கள். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

பலகை வேலையை வண்டி நடமாட்டம் இல்லாத விடியற்காலையில்தான் செய்வார்கள். மகள் வேலைக்குச் சேரும் நாளும் அதுவாகவே அமைந்தது. நானும் எழுந்து போனேன். ஜீப் டிரைவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இவர் மேலே நின்று பழைய 51-இல் இருந்த ஒன்றைச் சுரண்டி எடுத்தார். ஒளிரும் தாளில் வெட்டிய சைபரைப் பின்காகிதம் உரித்துக் கையில் எடுத்தார். ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு நகர்த்த முடியாது. அதனால் பென்சிலால் கோடு போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல் ஓரத்தின் ஒரு முனையை மட்டும் முதலில் பதிய வைத்தார்.

ஐந்தே கால் பஸ் அப்போதுதான் கிளம்பியது. ஜன்னலோரத்தில் மகள். பஸ் பலகையைத் தாண்டும்போது தலையை நீட்டி, புது எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, போயிட்டு வரேன்!"

சைபரைப் பிடித்திருந்த கையை அவர் எடுத்துவிட்டார்.

"சார், சாயுது! சைபர் சாயுது சார்!" என்று டிரைவர் கீழேயிருந்து கத்தினார்.

அவர் திரும்பவில்லை. ஏணி உச்சியில் நின்றபடி, பஸ்ஸின் பின்விளக்கு கண்ணுக்கு மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.