சேமிக்காமல் மூடிய வீடு

எங்கள் லேப்டாப்பில் ஒரு வீடு இருந்தது. மனிதர்களை உருவாக்கி, வேலைக்கு அனுப்பி, கல்யாணம் செய்து வைத்து, பிள்ளை பெற வைக்கும் விளையாட்டு. மகளின் பள்ளி விடுமுறைக்காக என் கணவர்தான் அதை வாங்கிப் போட்டார். எங்களைப் போலவே மூன்று பேரை உருவாக்கினோம். மகள் எனக்கு ஊதாச் சேலை தேடினாள். கிடைக்காததால் ஊதாக் கவுனை மாட்டிவிட்டாள். நிஜத்தில் நான் இரண்டாவதாக உண்டானதும், விளையாட்டிலும் அம்மாவுக்குப் பாப்பா வரவேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்படியே செய்தோம்.

ஆணா பெண்ணா என்ற பேச்சு வரும்போதெல்லாம் என் கணவரிடம் ஒரே பதில்தான். "எதுவா இருந்தா என்ன, நல்லபடியாப் பொறந்தாப் போதும்." சோழவந்தானிலிருந்து வரும் என் மாமியார் அப்படியில்லை. "இந்தத் தடவ பேரன்தேன், நீ வேணாப் பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்வார். எரிச்சல் வரும். ஆனால் மனதில் இருப்பதை அவர் மறைப்பதில்லை. "சும்மா இரும்மா" என்று அவரை அதட்டும் கணவரை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், சிசு ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என எழுதிய பலகையைக் காட்டி, "இதெல்லாம் எழுதிப் போடுற அளவுக்கு வச்சிருக்காய்ங்க பாரு" என்று சலித்துக்கொண்டவர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாமான் வாங்க சிம்மக்கல் போயிருந்தார். மகள் தோசையைப் பிய்த்தபடி சொன்னாள்.

"அம்மா, கேம்ல பாப்பா பொறந்துச்சு. ஆனா அப்பா சேவ் பண்ணல."

"ஏன்?"

"பொம்பளப் பிள்ளையா வந்துச்சு. மூடிட்டுத் திரும்பத் தொறந்தாங்க. மறுபடி நீ வயித்தோட இருந்த. அடுத்த தடவயும் பொம்பளப் பிள்ளைதான். அதையும் மூடிட்டாங்க. அப்புறம் போன்ல பாத்துட்டு உனக்குக் கேரட்டாக் குடுத்தாங்க. அந்தக் கேம்ல கேரட் தின்னா ஆம்பளப் பிள்ளை வருமாம். தம்பி வந்துச்சு. சேவ் பண்ணிட்டாங்க."

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் பொறந்தப்பவும் அப்பா மூடிட்டுத் தொறந்து பாத்தாங்களாம்மா?"

இல்லைடா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். வீட்டின் பின்புறம் முழுக்கக் கேரட் செடிகள். ஊதாக் கவுனில் நான் ஒரு பையனைத் தூக்கிவைத்துக்கொண்டு சிரித்தேன். ஐந்து வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். ஆண் பெண் என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். இங்கே கேரட்டைத் தின்றவள் நானாக இருந்தேன்.

விளையாட்டுதானே என்று பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன். கர்ப்பத்தில் எல்லாமே பெரிதாகத் தெரியும், நாமாகக் கற்பனை செய்கிறோமோ என்றும் யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் ஏறியது.

அவர் பைகளோடு வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்தார்.

"கேம்ல எனக்கு எதுக்கு அம்புட்டுக் கேரட்டு?"

சிரித்தார். "அதுவா, ஒரு டிரிக்கு. நெட்டுல போட்டிருந்தாய்ங்க."

"பொறந்த பிள்ளைய எதுக்கு மூடுனீங்க?"

"பிள்ளையா? பொம்மடி அது. வீட்டுல பொண்ணு இருக்கே, அடுத்தது பையனா இருந்தா நல்லாருக்குமேன்னு பாத்தேன். கேம்ல கூட ஆசப்படக் கூடாதா?"

"படலாம். அப்ப எதுவா இருந்தா என்னன்னு ஏன் சொன்னீங்க?"

"இந்த நேரத்துல உனக்கு டென்சன் வேணாம்னுதேன்."

ஆக, என் நிம்மதிக்காகச் சொன்ன பொய். அந்த வார்த்தையை நம்பித்தான் மாமியார் பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தேன். இவருக்குத் தன் அம்மாவைவிடத் தைரியம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். "அவ ஒண்ணு கேட்டா. நீங்களே பதில் சொல்லுங்க" என்றேன். அவள் தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் முகம் மாறியது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "உன்னயப் போயி அப்பிடிச் செய்வேனா. நீ அப்பாவோட ராசாத்தில்ல."

"அப்ப அந்த ரெண்டு பாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். சொந்தக்காரர்கள் முன்னால் அவர் திணறினால் மீதியை நான்தான் சொல்லி முடிப்பேன், அப்படியே பழகிவிட்டது. அப்பா விளையாட்டுக்குச் செஞ்சாங்கத்தா என்ற வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. அது உண்மையாகக்கூட இருக்கலாம். சொல்லியிருந்தால் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம்.

நான் சொல்லவில்லை. அவள் அவர் பிடியிலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.