பெயர் வெட்டிய டம்ளர்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் தெரு மொத்தமும் சேர்ந்து ஓர் அரசாங்க அதிகாரியை ஏமாற்றப் பார்த்தது. ஏமாற்றியது என்று சொல்ல முடியாது, பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகளே, அது நடந்தபடியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய தெரு அது. அங்கே எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு வீடு. வீடு என்றால் ஒரே அறை, ஒரு பல்பு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. விடியும் முன்னே உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அந்த ஓர் அறைக்கு நானும் என் தங்கச்சியும் போய்ச் சேர்ந்தோம். அப்பா நாங்கள் விவரம் அறியும் முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு நெஞ்சில் வியாதி. இருமி இருமி இளைத்து, பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். குணமாக மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். கொழுந்தனார் என்றிருக்கிறார் அம்மா. அவருக்குப் பெண்சாதி உண்டா? இல்லை. வீட்டில் வேறு பெரியவர்கள்? அதுவும் இல்லை. இந்தச் செய்தி அங்கிருந்து குழந்தைகள் நலனைக் கவனிக்கிற இலாகாவுக்குப் போய், ஒரு நாள் அங்கிருந்து ஓர் ஆபீசரம்மா எங்கள் தெருவுக்கு வந்து நின்றார்.

முதல் தடவை அவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவில்லை. ஜீப் இல்லை, டவாலி போட்ட சேவகன் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு உப்பள வரப்பு வழியாக நடந்தே வந்தார். காதோரம் நரை, நூல்சேலை, தோளில் ஒரு துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. சித்தப்பா பாத்தியில் இருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. எதிரில் பெட்டிக்கடை வைத்திருந்த அஞ்சலையக்கா தன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். அந்த நாற்காலிக்கு ஒரு கை உடைந்து, வலை பின்னுகிற நீல நைலான் கயிற்றால் கட்டியிருக்கும். அப்படி இருந்தும் எங்கள் தெருவில் உள்ளதில் நல்ல நாற்காலி அதுதான்.

ஆபீசரம்மா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கூடிய பெண்களோடு ஊர்க்கதைதான் பேசினார். மழைக்காலத்தில் உப்பு வேலை இல்லையென்றால் என்ன செய்வீர்கள், நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகளுக்கு ஜுரம் வந்தால் எங்கே தூக்கிப் போவீர்கள் என்று கேட்டார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கச்சியின் பின்னலை ஒரு முறை பார்த்தார். சித்தப்பா போட்ட பின்னல் அது. சாக்குமூட்டை கட்டும் கயிறு போல இறுகிப் போய் விறைப்பாக நிற்கும். ஆபீசரம்மா எழுந்து குடையை விரித்தார். "வெள்ளிக்கிழமை வர்றேன். சித்தப்பாவ வீட்ல இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் குடை வரப்பில் மறைந்ததும் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது.

"இன்னாத்துக்கு வந்தாங்கன்னு தெரியுமா? புள்ளைங்கள ஹோமுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு" என்றார் அஞ்சலையக்கா. "பையனுக்கு ஒரு ஊரு, பொண்ணுக்கு ஒரு ஊரு. ரெண்டையும் ஒண்ணா வைக்கமாட்டாங்க."

அந்த நிமிஷம் தங்கச்சி என் சட்டை நுனியைப் பிடித்தது. அதற்குப் பிறகு சாப்பிடும்போதும் விடவில்லை.

சித்தப்பா வந்து கேட்டுவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வூட்டப் பாத்தா புள்ளைங்கள எங்கிட்ட யாரு வுடுவாங்கக்கா?" என்றார்.

"வூட்டத்தானே பாக்கப் போறாங்க? வூட்ட மாத்திடுவோம்" என்றார் அஞ்சலையக்கா.

வெள்ளிக்கிழமை சாமான்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது சிவப்பு நாற்காலி. அடுத்து வள்ளியக்கா வீட்டு டேபிள் ஃபேன், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கச் சுற்றி வைத்த பிளாஸ்டிக் உறையோடு. பூப்போட்ட போர்வை, தலையணை, சாமி படம் போட்ட காலண்டர். ஒரு கட்டிலும் வந்தது. அது கதவுக்குள் நுழையாததால் வாசலிலேயே நின்றது. வீட்டுக்கு வீடு பரணில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். சித்தப்பாவின் நசுங்கின டம்ளர் இரண்டும், சொம்பும், அலுமினியச் சட்டியும் சாக்கில் கட்டப்பட்டு வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கு அடியில் போயின.

சித்தப்பா சோப்புப் போட்டுக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம் தெரியக் கூடாது என்று யாரோ தேங்காயெண்ணெய் தடவச் சொல்ல, கொஞ்சம் அதிகமாகவே தடவிவிட்டார். வழுக்கி நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். தங்கச்சிக்குப் புதுப் பின்னல், கனகாம்பரம். எனக்குப் பாடம். "தெனம் பால் குடிக்கிறோம்னு சொல்லுடா. முட்டையும் சொல்லு."

ஆபீசரம்மா சொன்ன நேரத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கை அந்த நீலக் கயிற்றின் மேல் பட்டு நின்றது.

"இந்த நாற்காலி நல்லா நடக்குது போல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அஞ்சலையக்கா மட்டும் வாசலில் இருந்து சட்டென்று தெருப்பக்கம் பார்த்தார்.

"ஃபேன் இருக்குது, காத்த காணோமே?"

"சுவிட்சு ரிப்பேருங்கம்மா" என்றார் சித்தப்பா. ஆபீசரம்மா ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனார். அதன் முனை தரையில் கிடந்தது. சுவரில் அதைச் செருகப் பிளக் ஓட்டையும் இல்லை, சுவிட்சும் இல்லை. அவர் எழுந்து அடுப்புப் பக்கம் போய் மூடிகளைத் திறந்தார். மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, காரக் குழம்பு, சாம்பார்.

"ஒரு வேளைக்கு நாலு குழம்பா?"

"பசங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணு கேக்குதுங்கம்மா."

"நாலு பசங்களா?"

"இல்லிங்க... ரெண்டுதான்."

வாசலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வந்தவரை மறுபடி உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆபீசரம்மா வாயருகே கொண்டுபோன டம்ளரை நிறுத்தி, மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

உங்களுக்கே தெரியும், நம் பக்கத்தில் எவர்சில்வர் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக்கொண்டுதான் வருவோம். விசேஷத்துக்கு இரவல் போகிற பாத்திரம் மாறிவிடக் கூடாதல்லவா? அவசரத்தில் தெரு மொத்தமும் அதை மறந்துவிட்டது. அடுக்கி வைத்த பாத்திரமெல்லாம் தன் தன் சொந்தக்காரரின் பெயரைப் பளபளவென்று காட்டிக்கொண்டு நின்றன.

"கோ. அஞ்சலை" என்று டம்ளரைப் பார்த்துப் படித்தார் ஆபீசரம்மா. எழுந்து அடுத்ததைத் திருப்பினார். "மு. வள்ளி." அடுத்தது. "தனம்." ஒரு குடத்தில் 'தாய்மாமன் சீர்' என்றே இருந்தது. ஒன்றையும் விடவில்லை.

"இவங்கள்லாம் யாரு?"

சித்தப்பா வாசலைப் பார்த்தார். வாசலில் இருந்து அஞ்சலையக்காதான் சொன்னார். "சொந்தக்காரங்கதாம்மா."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

ஆபீசரம்மா பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எங்களைக் கொண்டுபோவதோடு நிற்காமல் பாத்திரம் கொடுத்தவர்களையும் போலீஸில் பிடித்துக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பாவோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வெளியே வந்தவர், "தம்பி, பஸ் ஸ்டாப் வரைக்கும் என்கூட வர்றியா?" என்றார். நான் கிளம்பினால் தங்கச்சியும் கிளம்பியாக வேண்டும், சட்டை அதன் கையில் இருந்தது. மூன்று பேரும் வரப்பில் நடந்தோம். இரண்டு பக்கமும் பாத்தியில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. அவர் குடையை எங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். நான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தேன்.

"அவங்க மேல கேஸ் போட்றாதீங்க. பாத்திரத்த இன்னிக்கே திருப்பிக் குடுத்துடுவோம்."

அவர் நின்றார். "சரி. உங்க வீட்ல சொந்தமா எத்தன டம்ளர் இருக்குது?"

"ரெண்டு."

"மூணு பேராச்சே?"

"சித்தப்பா சொம்புல குடிப்பாரு."

"ராத்திரி பாப்பா முழிச்சிக்கிட்டா யாரக் கூப்பிடும்?"

அதுவரை வாயே திறக்காத தங்கச்சி சொன்னது. "சித்தப்பாவ. அண்ணன் எழுந்திருக்காது. சித்தப்பாதான் டார்ச் எடுத்துக்கினு வெளிய கூட வரும்."

"அன்னிக்கு ஒரு பின்னல் போட்டிருந்தியே, அது யாரு போட்டது?"

"சித்தப்பாதான். வலிக்கும். ஆனா அவுறாது."

ஆபீசரம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தார். பிறகு என்னிடம் பெரியவர்களிடம் பேசுவது போலப் பேசினார். "முடிவு பண்றது நான் ஒருத்தி இல்ல தம்பி. அதுக்கு ஒரு குழு இருக்குது. நான் பாத்தத அவங்ககிட்ட சொல்லுவேன். கூட்டியோ குறைச்சோ சொல்லமாட்டேன்."

"இரவல் வாங்கினதயுமா சொல்லுவீங்க?"

"அதத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றார்.

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்து, தங்கச்சியை இழுத்துக்கொண்டு வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. டம்ளரில் பெயர் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நான் மறைந்து நின்று கேட்டேன். கேஸ் பேச்சே இல்லை. "டம்ளர் குடுத்தீங்க, நல்லது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சித்தப்பா வர்ற வரைக்கும் புள்ளைங்க யார் வீட்ல இருக்கும்? ஜுரம் வந்தா தூக்கிட்டுப் போறது யாரு? பொம்பளப்புள்ள ஏதாவது சொல்லணும்னா யார்கிட்ட வந்து சொல்லும்?" என்று கேட்டார். மாலைக்கு அஞ்சலையக்கா, ஆஸ்பத்திரிக்கு வள்ளியக்கா, குளிப்பாட்டத் தனம் அக்கா என்று ஆளுக்கு ஒன்றாக ஒப்புக்கொண்டார்கள். "எழுதிக்கட்டுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

பிறகு அந்தக் குழு சித்தப்பாவை விழுப்புரத்துக்கு வரச் சொன்னது. அதே வெள்ளைச் சட்டையோடு போனார். சாயங்காலம் அஞ்சலையக்கா கடை வாசலில் தெருவே காத்திருந்தது. சித்தப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் வருவதைப் பார்த்து, "ஏம்பா, இன்னா ஆச்சு?" என்று தூரத்திலிருந்தே கத்தினார் அஞ்சலையக்கா. சித்தப்பா கையில் இருந்த பூந்திப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். தங்கச்சி அப்போதுதான் என் சட்டையை விட்டது. நுனி கசங்கிக் கிழிந்தே போயிருந்தது.

ஆபீசரம்மாவின் வேலை அதோடு முடியவில்லை. மாதாமாதம் வந்தார். என்னோடு பள்ளிக்கூடம் வந்து சும்மா உட்கார்ந்திருந்த தங்கச்சியை அங்கன்வாடியில் சேர்த்தார். மண்ணெண்ணெய் அடுப்பைப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைத்ததற்குச் சித்தப்பாவைத் திட்டினார். நாங்கள் அம்மாவைப் பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியில் பேசி வழி செய்தார். வரும்போதெல்லாம் தண்ணீர் கேட்பார். அக்கம்பக்கத்தில் இருந்து கொண்டுவந்து கொடுத்த டம்ளரைத் திருப்பி யார் பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "இன்னிக்கு வள்ளி வீட்டுத் தண்ணியா?" என்பார். வாசலில் சிரிப்பு எழும். அவரைக் கண்டு நடுங்கிய நான், அவர் வருகிற நாளை எண்ணிக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அம்மா உடம்பு தேறி வந்து சேர்ந்தார். வந்ததும் சந்தையில் நான்கு டம்ளர் வாங்கினார். விலை மலிவு, தகடு மெலிசு. ஆனாலும் நான்கிலும் எங்கள் வீட்டுப் பெயரை வெட்டச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நின்று வாங்கி வந்தார்.

அந்த மாதம் ஆபீசரம்மா வந்தபோது அம்மா அதில்தான் தண்ணீர் கொடுத்தார். அவர் வழக்கம் போலத் திருப்பிப் பார்த்தார். படித்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்து, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார்.

"இனிமே நான் வரமாட்டேன்மா" என்றார்.

அம்மா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. அஞ்சலையக்கா டம்ளரில் கொடுத்தபோதெல்லாம் திரும்பித் திரும்பி வந்தவர், எங்கள் டம்ளரில் கொடுத்ததும் வரமாட்டேன் என்கிறாரே! டம்ளர் சின்னதாகப் போய்விட்டதோ என்று அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய் அஞ்சலையக்காவிடம் கெஞ்சி அவர் பெயர் வெட்டிய பெரிய டம்ளரை வாங்கி வந்து, ஆபீசரம்மாவுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகும் எப்போதாவது அந்தக் கறுப்புக் குடை வரப்பில் தெரியும். ஓடிப் போய் டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு வாசலில் நிற்பேன். குடை எங்கள் தெருவுக்குள் திரும்பாது. நேரே அடுத்த தெருவுக்கு, இன்னொரு வீட்டைத் தேடிப் போய்விடும். எங்கள் வீட்டுத் தண்ணீரில் அப்படி என்ன குறை கண்டார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.